அந்துப்பூச்சி, கங்காரு, ஒரு பழைய வேட்டி

போன மாதம் என் மகனுக்கு வீட்டுப்பாடமாக இரண்டு பட அட்டைகள் வந்தன. ஒன்றில் அந்துப்பூச்சி, இன்னொன்றில் கங்காரு. இரண்டையும் ஒப்பிட்டு அவனை நாலு வார்த்தை பேச வைக்க வேண்டும். அவனுக்கு நான்கு வயது. இரண்டு காதிலும் மெஷின். டெல்லி மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்திலேயே, ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேல்மாடியில், வாரம் மூன்று நாள் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போகிறோம்.

பயிற்சி கொடுக்கும் அம்மா கறாரானவர். அவர் சுவரில் வண்ணத்துப்பூச்சி என்று ஒட்டி வைத்திருந்த படம் உண்மையில் ஓர் அந்துப்பூச்சி என்று முதல் நாளே நான் சொல்லிவிட்டேன். உணர்கொம்பைப் பாருங்கள், இறகு மாதிரி இருக்கிறதே என்று விளக்கம் வேறு கொடுத்தேன். அன்றிலிருந்து என்னைக் கண்டால் அவருக்கு ஆகாது. அட்டைகளைக் கையில் கொடுத்தபோது, "யே சோட்டா ஹை, யே படா ஹை. இது சின்னது, இது பெரிசு. இவ்வளவு சொன்னால் போதும். லெக்சர் வேண்டாம்" என்று இந்தியில் சொன்னார். கூடவே வழக்கமான எச்சரிக்கை: வீட்டில் ஒரே பாஷைதான், அதுவும் இந்திதான். காது மந்தமான குழந்தையை இரண்டு பாஷைக்கு நடுவில் நிறுத்தாதீர்கள், நாளைக்கு அவன் போகப்போகும் பள்ளிக்கூடம் இந்தியில்தான் நடக்கும் என்றார்.

எனக்கு இந்தி வரும். காய்கறி வாங்க வரும், ஆட்டோக்காரரிடம் சண்டை போட வரும், ஆபீசில் லீவு கேட்க வரும். பெற்ற பிள்ளையைக் கொஞ்ச வராது. இருந்தும் கொஞ்சுகிறேன். மொழிபெயர்த்துக் கொஞ்சுகிற அப்பனைப் பார்க்க வேண்டுமானால் எங்கள் வீட்டுக்கு வரலாம்.

அட்டைகளைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்துப்பூச்சியையும் கங்காருவையும் ஒப்பிடுகிற வேலையை நான் நான்கு வருடத்துக்கு முன்பே செய்தவன் என்பது அந்த அம்மாவுக்குத் தெரியாது.

என் பிழைப்பே பூச்சிதான். ஓர் அரசு ஆய்வகத்தில், செத்த பூச்சிகளைப் பாதுகாக்கும் பிரிவில், பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன். கண்ணாடி மூடி போட்ட மரப்பெட்டிகள், உள்ளே வரிசையாக ஊசியில் குத்திய அந்துப்பூச்சிகள். அவற்றுக்குப் பெயர்ச்சீட்டு எழுதுவதும், உடைந்த இறக்கையை ஒட்டுவதும், செத்த பூச்சியை உயிருள்ள பூச்சி வந்து தின்றுவிடாமல் பெட்டியின் மூலையில் அந்துருண்டை வைப்பதும் என் வேலை. அங்கே முதல் முறை வருகிறவர்கள் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொள்வார்கள். எனக்கு அந்த வாசனை சேர்ந்த ஆறாம் மாதமே தெரியாமல் போய்விட்டது. இதை நான் ஒரு பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்துப்பூச்சியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சில வகைகளில் தாய்க்கு வாய் கிடையாது. புழுவாக இருந்தபோது தின்றதை வைத்துக்கொண்டு ஒரு வாரம் பறக்கும், முட்டையிடும், செத்துப்போகும். பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதே இல்லை. அது பிள்ளைக்காகச் செய்கிற காரியம் ஒன்றே ஒன்றுதான்: சரியான இலையாகப் பார்த்து முட்டையை வைப்பது. இலை தப்பினால் புழு பொரித்த அன்றே பட்டினி.

என் மனைவி என்னை வாயில்லாப் பூச்சி என்று கேலி செய்வாள். அவள் வீட்டு விசேஷங்களில் நான் ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டு வருவதற்காகச் சொன்னது. அப்போது நானும் சிரிப்பேன்.

மகன் பிறந்தது ஒரு ஜனவரியில். கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்து வந்தவன், பத்து மாதம் பொறுக்காமல் ஏழாம் மாதமே வந்துவிட்டான். அவளுக்கு ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போனதால் வயிற்றைத் திறந்து எடுத்தார்கள். ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூட. என் உள்ளங்கையில் தலையை வைத்தால் கால் மணிக்கட்டைத் தாண்டிக் கொஞ்சதூரம் போகும், அவ்வளவுதான். ஆனால் உள்ளங்கையில் வைக்க யாரும் விடவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். கண்ணாடி மூடிக்குப் பின்னால் கிடக்கிற சிறிய உடல்களைப் பார்த்துப் பழகியவன் நான். அந்தப் பெட்டிக்குள் மட்டும் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

அவளுக்கு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு காய்ச்சல் வந்துவிட்டது. காய்ச்சல் விடும் வரை குழந்தைகள் பிரிவுக்குள் விட மாட்டோம் என்றார்கள். அவள் இரண்டு மாடிக்குக் கீழே ஜன்னல் இல்லாத ஒரு வார்டில் கிடந்தாள். நான் படியேறி இறங்கிக்கொண்டிருந்தேன். மேலே பார்த்ததைக் கீழே வந்து சொல்வேன். கொஞ்சம் கூட்டியும் சொல்வேன். இன்று கண்ணைத் திறந்தான், இன்று என் விரலைப் பிடித்தான் என்று. அவன் எதையும் பிடித்திருக்கவில்லை.

நாலாம் நாள், கோட்டயத்துப் பக்கத்து நர்ஸ் ஒருவர் என்னை உள்ளே கூப்பிட்டார். "சார், நல்லா குளிச்சிட்டு வந்தோ. சட்டை வேண்டா. மோன் உங்க நெஞ்சில் கிடக்கட்டே. கங்காரு மாதிரி."

"அவங்க அம்மாதான்..." என்று இழுத்தேன்.

"அம்மைக்குப் பனியல்லே. அச்சன் மதி," என்றார். அம்மாவுக்குக் காய்ச்சல், அப்பா போதும் என்று அர்த்தம். குழந்தையை நெஞ்சோடு சேர்த்துக் கட்ட நீளமான மெல்லிய பருத்தித் துணி வீட்டிலிருந்து கொண்டு வரச் சொன்னார். பழையதாக இருந்தால் நல்லது, சுத்தமாக இருக்க வேண்டும்.

கீழே போய்ச் சொன்னபோது அவள் முகத்தில் அந்த வாரத்தில் முதல் முறையாக வெளிச்சம் வந்தது. அவளும் செய்வதற்கு ஒன்று கிடைத்துவிட்டது. "என்னங்க, கடைத் துணி எதுவும் வாங்கிடாதீங்க. உங்க பழைய வேட்டியெல்லாம் பெட்டிக் கட்டில்ல எடுத்து வச்சிருக்கேன். வெந்நீர்ல நல்லா அலசி, வெயில்ல போட்டு எடுத்துட்டு வாங்க," என்றாள்.

எங்கள் பக்கத்தில் பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போட மாட்டார்கள். பலமுறை துவைத்து நைந்த வேட்டியைக் கிழித்துத்தான் சுற்றுவார்கள். அதற்காகவே அவள் என் வேட்டிகளில் நைந்ததை எல்லாம் பாத்திரக்காரரிடம் போடாமல் சேர்த்து வைத்திருந்தாள். பதினோரு வருடமாக. டெல்லியில் எல்லோர் வீட்டிலும் இருக்கிற மாதிரி அடியில் பெட்டி வைத்த கட்டில் எங்களுடையது. குளிர் முடிந்ததும் ரஜாய்ப் போர்வைகளையும் ஸ்வெட்டர்களையும் அதற்குள் போட்டு மூடிவிடுவோம். ஒவ்வொரு மார்ச் மாதமும் கம்பளிக்கு நடுவே கை நிறைய அந்துருண்டை போடுவது என் பொறுப்பு. அந்து கம்பளியைத்தான் அரிக்கும், வெளுத்த பருத்தி வேட்டியை அது சீண்டாது. இது எனக்குத் தெரியும். ஆனாலும் வேட்டி மூட்டைக்குள்ளும் நாலு உருண்டை போட்டு வைத்தேன். நிபுணன் அல்லவா, ஒரு பிடி அதிகமாகத்தான் போடுவான்.

அந்த வேட்டியை எடுத்தேன். வெந்நீரில் அலசினேன். வெயிலுக்குத்தான் எங்கே போவது? அந்த வாரம் முழுக்க மூட்டம். எதிர் பிளாக்கே தெரியவில்லை. பால்கனியில் போட்ட துணி மாலை வரை சொட்டிக்கொண்டே இருந்தது. மறுநாள் காலையில் நர்ஸ் வரச் சொல்லியிருந்தார். அறைக் கதவைச் சாத்தி, ஹீட்டரைப் போட்டு, நாற்காலி முதுகில் விரித்துக் காய வைத்தேன். மூக்கில் வைத்து மோந்தும் பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை.

"வெயில்ல காஞ்சுதா?" என்று கேட்டாள்.

"காஞ்சுது," என்றேன். ஜன்னல் இல்லாத வார்டில் கிடப்பவளிடம் மூட்டத்தைப் பற்றி எதற்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அப்போது அது பொய்யாகவே தோன்றவில்லை.

அப்புறம் நான் கங்காரு ஆனேன். சாய்ந்த பிளாஸ்டிக் நாற்காலியில் சட்டையில்லாமல் உட்காருவேன். நர்ஸ் அவனை எடுத்து வந்து, தவளை மாதிரி காலை மடக்கி என் நெஞ்சில் ஒட்டவைத்து, வேட்டியை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுவார். மேலே ஒரு ஆஸ்பத்திரி அங்கி. காலையில் இரண்டு மணி நேரம், மதியம் இரண்டு மணி நேரம். அசையக்கூடாது. அவன் மூச்சு இழுக்கிறானா என்று என் தோலால் கேட்டுக்கொண்டிருப்பேன். சில சமயம் நிறுத்திவிடுவான். நானும் நிறுத்துவேன். அவன் தொடங்கிய பிறகு நான் தொடங்குவேன்.

செய்வதற்கு வேறு எதுவும் இல்லாததால் வராந்தாவில் போனில் கங்காருவைப் பற்றிப் படித்தேன். பாலூட்டிகளை நான் பொதுவாக மதிப்பதில்லை. எண்ணிக்கையில் குறைவு, ஆர்ப்பாட்டம் அதிகம். ஆனால் அங்கே படித்தது என்னை உலுக்கியது. கங்காருக் குட்டி பிறக்கும்போது மொச்சைக்கொட்டை அளவுதான். கண் திறக்காது, காது கேட்காது, பின்னங்கால் வெறும் மொட்டு. பாதியில் பிறந்த அந்த ஜீவன், முன்னங்கால்களால் தாயின் ரோமத்தைப் பற்றிப் பற்றித் தானாகவே பைக்கு ஏறிப் போகிறது. தாய் அதைத் தூக்கி வைப்பதில்லை. அவள் செய்வதெல்லாம் ஆடாமல் உட்கார்ந்திருப்பதுதான். தூக்கி வைப்பது அவளாலும் முடியாத வேலை. இன்னொன்றும் படித்தேன். ஆண் கங்காருவுக்குப் பை கிடையாது. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு என் நாற்காலிக்குத் திரும்பினேன்.

நாற்காலியில் சாய்ந்தபடி இரண்டையும் மாற்றி மாற்றி எடை போடுவேன். பூச்சி நூற்றுக்கணக்கில் இடும், எதுவோ ஒன்று பிழைக்கும். கங்காரு ஒன்றே ஒன்றைப் போட்டுவிட்டு அந்த ஒன்றுக்காகவே உட்கார்ந்திருக்கிறது. பூச்சி செத்துத் தப்பித்துவிடுகிறது. இதற்கு அந்த வழியும் இல்லை. எதுவாகப் பிறந்தால் தேவலை என்று கேட்டால் அந்த நாட்களில் பூச்சி என்றே சொல்லியிருப்பேன்.

ஆறாம் நாள் அவன் உடம்பில் மஞ்சள் தெரிந்தது. குறைமாதக் குழந்தைக்கு இது சகஜம் என்று சொல்லி, கண்ணைக் கட்டி நீல விளக்குக்குக் கீழே படுக்க வைத்தார்கள். எங்கள் ஆய்வகத்திலும் அந்துப்பூச்சியைக் கவர நீல விளக்குதான் போடுவோம். அந்த விளக்கைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. விளக்கிலிருந்து எடுத்து என் நெஞ்சில் போடுவார்கள், திரும்ப விளக்குக்கு அனுப்புவார்கள். என்னிடம் வந்து போகும் ஒவ்வொரு முறையும் மஞ்சள் இறங்கும் என்று நம்பினேன். ஏறிக்கொண்டே போனது. டாக்டரம்மா சிறு வயதுக்காரர், ரிப்போர்ட்டைப் பார்த்து உதட்டைக் கடித்தார். விளக்கு போட்டும் இறங்கவில்லையே என்றார். நான் அன்றைக்கு அரை மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்தேன்.

ஒன்பதாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் விட்டது. சக்கர நாற்காலியில் மேலே அழைத்து வந்தார்கள். மகனை அவள் முதல் முறையாகப் பார்க்கிறாள். நர்ஸ் அவனை என் நெஞ்சிலிருந்து வேட்டியோடு சேர்த்துப் பிரித்து அவள் மடியில் வைத்தார். அங்கே எல்லோருக்கும் முகக்கவசம் கட்டாயம். அவள் தன்னுடையதைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டு, அவன் உச்சியில் மூக்கை வைத்தாள். வைத்தவள் நிமிர்ந்துவிட்டாள்.

"என்னங்க, இது அந்துருண்டை வாசம்ல?"

நான் வேட்டி நுனியை வாங்கி மோந்தேன். "வாசனையே இல்லையே," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். நர்ஸும் கவசத்தை இறக்கிக் குனிந்து மோந்தார். வேட்டியை உருவி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கக் கட்டினார். குழந்தையை எடுத்துக்கொண்டு வேகமாக உள்ளே போனார்.

டாக்டரம்மா எங்கள் இருவரையும் அழைத்துக் கேட்டார். துணி எங்கே இருந்தது, எவ்வளவு நாள் இருந்தது, எப்படித் துவைத்தீர்கள், வெயிலில் காயப்போட்டீர்களா. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பதில் சொன்னாள். "போட்டாருங்க மேடம். நான் சொல்லி அனுப்புனேன். வெயில்ல நல்லா காஞ்சுதுன்னு சொன்னாரு."

அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை.

சில குழந்தைகளுக்கு ரத்தத்தில் ஒரு சத்து குறைவாக இருக்கும், அவர்களுக்கு இந்த உருண்டையின் நெடி பட்டாலே ரத்த அணுக்கள் உடையும், அதனால் மஞ்சள் ஏறும் என்று டாக்டரம்மா விளக்கினார். சோதனையில் என் மகனுக்கு அந்தக் குறை இருந்தது. அது தாய் வழியில் வருவது என்றும் சொன்னார். அதைக் கேட்டதும் எனக்கு ஒரு கணம் ஆறுதலாக இருந்தது. அவள் வழியில் வந்ததா, அப்படியானால் என்னால் மட்டும் இல்லை என்று. அந்த ஒரு கணத்தை நான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். அவள் பக்கத்தில் தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவன் ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டு வேறு ரத்தம் ஏற்றினார்கள். பிழைத்தான். வேட்டி இல்லாமலிருந்தால் இது வந்தே இருக்காதா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "சொல்ல முடியாது. இவ்வளவு சீக்கிரம் பிறந்த குழந்தைக்கு மஞ்சள் வரத்தான் செய்யும்," என்றார். எட்டு மாதத்தில் பக்கத்திலேயே குக்கர் விசில் அடித்தும் அவன் திரும்பாதபோது, காது டாக்டரிடமும் கேட்டேன். மஞ்சளாக இருக்கலாம், குறைமாதமாக இருக்கலாம், ஏற்றிய மருந்தாக இருக்கலாம் என்றார். எனக்குத் தண்டனை கொடுக்கக்கூட ஒருவரும் முன்வரவில்லை.

காது மெஷின் மாட்டிக்கொண்டு வந்த அன்று மிச்ச வேட்டிகளை எல்லாம் அவள் தரை துடைக்கப் போட்டுவிட்டாள். ஒரே ஒரு முறைதான் அதைப் பற்றிப் பேசினாள். சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டே, திரும்பாமல், "உங்க மேல தப்பில்லீங்க. நான்தானே எடுத்துட்டு வரச் சொன்னேன். வெயில்ல போட்டும் போகலேன்னா என்ன பண்றது, நம்ம விதி" என்றாள். மூன்று வருடமாகிறது. சொல்லிவிடலாம் என்று தினமும் ஒரு முறை நினைக்கிறேன். சொன்னால் அவள் பாரம் குறையுமா, இல்லை என் முகத்தைப் பார்க்கவே முடியாமல் போகுமா என்று தெரியவில்லை. வாய் இருந்தும் பூச்சியாகவே இருக்கிறேன்.

அட்டைகள் வந்த அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை அவள் இட்லி அரிசியும் அப்பளமும் வாங்க ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். நானும் மகனும் அட்டைகளோடு உட்கார்ந்தோம். அந்துப்பூச்சியைக் காட்டினேன். "யே சோட்டா ஹை." கங்காருவைக் காட்டினேன். "யே படா ஹை." அவன் என் உதட்டையே உற்றுப் பார்த்தான். நான் அடுத்தடுத்துப் பத்து முறை சொன்னேன். "சோட்டா" என்றான் கடைசியில், கங்காருவைக் காட்டி. பிறக்கும்போது அது உண்மைதான் என்று எனக்குச் சொல்லத் தோன்றியது. லெக்சர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்களே. தலையை ஆட்டினேன்.

பதினோரு மணிக்கு அவனுக்கு அலுத்துவிட்டது. இரண்டு மெஷினையும் கழற்றி மேசையில் வைத்தான். மெஷினைக் கழற்றினால் அன்றைய வகுப்பு முடிந்தது என்று அர்த்தம். சோபாவில் படுத்திருந்த என் மேல் ஏறி, காலை மடக்கி, காதை என் நெஞ்சு நடுவில் வைத்து அழுத்தினான். இது அவனாகக் கற்றுக்கொண்டது. நான் பேசினால் அந்த அதிர்வு அவனுக்குத் தெரிகிறது. என்ன வார்த்தை, என்ன பாஷை என்பதெல்லாம் அங்கே வந்து சேராது. சில அந்துப்பூச்சிகளுக்குக் காது நெஞ்சில்தான் இருக்கும். அதையும் அவனுக்குச் சொல்ல ஆசைதான்.

அவன் தலைமுடியில் கையை வைத்துக்கொண்டு, வெகுநாளைக்குப் பிறகு, அவனிடம் தமிழில் பேசினேன்.

"வேட்டிய நான் வெயில்ல போடலடா தங்கம். வெயிலே இல்ல. ஹீட்டர்ல காயவச்சேன். உங்க அம்மாகிட்ட வெயில்ல போட்டேன்னு சொல்லிட்டேன்."

சொல்லி முடித்ததும் நெஞ்சு சும்மா இருந்தது. அவன் தலையைத் தூக்கவில்லை. உள்ளங்கையால் என் விலா எலும்பில் இரண்டு முறை தட்டினான்.

"அவுர்," என்றான். இன்னும் வேண்டுமாம்.

மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.